சின்ன மேடைகளில் வாசிக்கத் தொடங்கும் பேண்டுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ் கிட்டார் வாசிப்பவன் நான். இதுவரை மூன்று பேண்டுகளில் இருந்திருக்கிறேன். இரண்டு உடைந்துவிட்டன, மூன்றாவது எப்படியோ ஓடிக்கொண்டிருக்கிறது. ஐம்பது பேர் நின்றால் நிரம்பிவிடும் அறைகளில்தான் பெரும்பாலும் வாசித்திருக்கிறேன். புதிதாகப் பேண்ட் தொடங்கும் தம்பி தங்கைகள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எத்தனை பாட்டு தயாரானால் மேடை ஏறலாம்?

முதல் நிகழ்ச்சிக்குப் பெரும்பாலும் அரை மணி நேரம்தான் தருவார்கள். பாட்டுக்கு நான்கு நிமிடம் என்று வைத்தால் ஏழு பாட்டுக்கு இருபத்தெட்டு நிமிடம் ஆகும். ஆனால் நடுவில் சுருதி சேர்க்க வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும், யாராவது தண்ணீர் குடிப்பார்கள். அதனால் ஆறு போதும். ஒன்றைக் கையிருப்பில் வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரா இல்லையா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஆறு பாட்டையும் நின்றபடி, வரிசையாக, எங்கும் நிறுத்தாமல் வாசியுங்கள். யார் தப்பு செய்தாலும் நிறுத்தக் கூடாது, அதுதான் விதி. ஒத்திகையில் தப்பு வந்ததும் நிறுத்திவிட்டு "முதலிலிருந்து" என்று சொல்லிப் பழகியவர்கள் மேடையிலும் தன்னறியாமல் நிறுத்திவிடுகிறார்கள். தப்பிலிருந்து மீண்டு வருவதற்கும் பழக்கம் வேண்டும். நால்வரும் தடம் மாறிப் போனால் யாரைப் பார்த்துத் திரும்பச் சேர்வது என்பதை முன்பே பேசிவையுங்கள். எங்களுக்கு அது டிரம்மரின் இடது கை.

ஒத்திகை எவ்வளவு அடிக்கடி வைத்துக்கொள்வது?

வாரம் ஒருமுறை இரண்டு மணி நேரம் ஒழுங்காக நடந்தால் நிறைய. அவரவர் பங்கை வீட்டிலேயே கற்றுக்கொண்டு வர வேண்டும். கூடும் நேரம் ஒருவரை ஒருவர் கேட்பதற்கு. கிட்டார்காரர் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) தேடிக்கொண்டிருக்க மற்ற மூவரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதற்குப் பெயர் ஒத்திகை இல்லை.

ஒவ்வொரு ஒத்திகையையும் போனில் பதிவு செய்யுங்கள். அறையின் மூலையில் வைத்தாலே போதும். அடுத்த நாள் கேட்கும்போது வெட்கமாக இருக்கும், கேளுங்கள்.

எங்களை யாரும் கூப்பிடவில்லையே, வாய்ப்பு எப்படி வரும்?

இன்னொரு பேண்ட் மூலமாகத்தான் பெரும்பாலும் வரும். உங்கள் ஊரில் யார் எங்கே வாசிக்கிறார்கள் என்று போய்ப் பாருங்கள். பாதியில் கிளம்பாமல் கடைசி வரை நில்லுங்கள், முடிந்ததும் பெட்டி தூக்க ஒரு கை கொடுங்கள். யாராவது கடைசி நேரத்தில் வர முடியாமல் போனால் ஏற்பாட்டாளர் தனக்குத் தெரிந்த முகத்தைத்தான் கூப்பிடுவார்.

எழுதிக் கேட்பதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். என்ன மாதிரி இசை, எத்தனை பேர், எந்தெந்த நாட்கள் முடியும், என்ன கருவி கொண்டுவருவீர்கள். கூடவே நேரடியாக வாசித்த ஒரு வீடியோ, இரண்டு நிமிடம் போதும். மெருகேற்றிய ஸ்டூடியோ பதிவை விட இது உதவும், ஏனென்றால் அவருக்குத் தெரிய வேண்டியது மேடையில் நீங்கள் எப்படி இருப்பீர்கள் என்பதுதான். உங்களுக்காக எத்தனை பேர் வருவார்கள் என்று கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். நூறு என்று சொல்லிப் பதினைந்து பேரைக் கொண்டுவந்தால் அடுத்த அழைப்பு வராது. இருபது என்று சொல்லி இருபத்தைந்து பேர் வந்தால் உங்கள் பெயர் அவருக்கு நினைவிருக்கும்.

சொந்தப் பாட்டா, கவரா (பிறர் பாட்டை வாசிப்பதா)?

இரண்டும் கலந்து. தெரியாத பாட்டையே அரை மணி நேரம் கேட்க அந்நியர்களுக்குப் பொறுமை இருக்காது. தெரிந்த பாட்டை மட்டும் வாசித்தால் உங்களை யாரும் நினைவில் வைக்க மாட்டார்கள். சொந்தப் பாட்டில் மிகச் சிறந்ததைக் கடைசிக்கு முன்னால் வையுங்கள். கடைசிப் பாட்டுக்குள் சிலர் கிளம்பியிருப்பார்கள்.

உரிமை பற்றி ஒரு வார்த்தை. பிறர் பாட்டைப் பொது இடத்தில் வாசிக்கப் பெரும்பாலான நாடுகளில் உரிமம் வேண்டும். வழக்கமாக அதை இடத்தை நடத்துபவரோ ஏற்பாட்டாளரோ எடுத்து வைத்திருப்பார், கேட்டுக்கொள்ளுங்கள். அதே பாட்டைப் பதிவு செய்து வெளியிடுவது வேறு விஷயம், அதற்கு அனுமதி தனி.

சவுண்ட் செக்கில் என்ன செய்ய வேண்டும்?

நிகழ்ச்சிக்கு முன் சத்தத்தைச் சோதித்துச் சரிசெய்வதுதான் சவுண்ட் செக். சொன்ன நேரத்துக்கு வர வேண்டும். பாதி வேலை அதுதான்.

மேடையில் யார் எங்கே நிற்கிறார்கள், யாருக்கு எத்தனை மைக், எத்தனை லைன் (கருவியிலிருந்து சவுண்ட் மேஜைக்குப் போகும் இணைப்பு) என்று ஒரே தாளில் வரைந்து முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள். சவுண்ட் பார்ப்பவர் அதைப் பார்த்தே பாதியைக் கட்டி வைத்திருப்பார். வழக்கமாக டிரம்ஸிலிருந்து ஆரம்பிப்பார்கள். கிக் (காலால் அடிக்கும் பெரிய டிரம்), ஸ்நேர் (நடுவில் இருக்கும் கூர்மையான சத்தமுள்ள டிரம்), மற்றவை, அப்புறம் பேஸ், கிட்டார், கீபோர்டு, கடைசியில் குரல். உங்கள் முறை வரும்போது நிகழ்ச்சியில் எவ்வளவு பலமாக வாசிப்பீர்களோ அதே பலத்தில் வாசியுங்கள். செக்கில் முணுமுணுத்துவிட்டு மேடையில் கத்தும் பாடகரால் எல்லாக் கணக்கும் கெட்டுவிடும். மற்றவர் முறையில் உங்கள் கை சும்மா இருக்கட்டும். இன்னொருவருடைய ஸ்நேர் சத்தத்தைச் சரிசெய்துகொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று கிட்டாரைத் தடவிக்கொண்டிருப்பவரை எந்தச் சவுண்ட் இன்ஜினியரும் மன்னிப்பதில்லை.

எல்லாரும் சேர்ந்து சோதிக்கும்போது உங்கள் பட்டியலிலேயே சத்தம் அதிகமான பாட்டில் ஒரு நிமிடம் வாசியுங்கள். முழுப் பாட்டு வேண்டாம். காலி அறை எதிரொலிக்கும், கவலைப்படாதீர்கள். ஆட்கள் வந்து நிறைந்ததும் உடம்பும் துணியும் மேல் சுருதிச் சத்தத்தை உறிஞ்சிக்கொள்ளும், அறை அடங்கிவிடும்.

பல பேண்டுகள் வாசிக்கும் நாளில் இதற்கெல்லாம் நேரமே இருக்காது. ஒவ்வொரு லைனிலும் சத்தம் வருகிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு ஆரம்பித்துவிடுவார்கள். முதல் பாட்டிலேயே சவுண்ட் பார்ப்பவர் மற்றதைச் சரிசெய்வார். அதனால் எல்லாக் கருவியும் எல்லாக் குரலும் வரும் பாட்டை முதலில் வையுங்கள்.

மேடையில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. என்ன செய்வது?

எனக்கு வரும் கேள்விகளில் பாதி இதுதான். பதில் கொஞ்சம் நீளம்.

முதலில் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். சின்ன அறையில் டிரம்ஸ் தானாகவே பெரிய சத்தம், அதற்கு வால்யூம் குமிழ் கிடையாது. டிரம்ஸுக்கு மேல் கேட்க வேண்டும் என்று கிட்டார்காரர் ஆம்ப்பை (கிட்டார் சத்தத்தைப் பெருக்கும் ஸ்பீக்கர் பெட்டி) திருகிச் சத்தத்தை ஏற்றுகிறார். கிட்டாருக்கு மேல் கேட்க நான் என்னுடையதைத் திருகுகிறேன். இதையெல்லாம் கேட்ட டிரம்மர் இன்னும் பலமாக அடிக்கிறார். குரலுக்கு மட்டும் இந்தப் பந்தயத்தில் ஓட வழியில்லை, ஏனென்றால் மைக்கின் சத்தத்தை ஓர் அளவுக்கு மேல் ஏற்றினால் அது ஊளையிடும். ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் மறுபடி மைக்குக்குள் புகுந்து, மறுபடி பெருகி, மறுபடி ஸ்பீக்கருக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே இருப்பதுதான் ஃபீட்பேக். ஆக, சின்ன அறையில் மொத்தச் சத்தத்தின் எல்லையை முடிவு செய்வது பாடகரின் மைக். மற்றவர்கள் அதற்குக் கீழே இருந்தாக வேண்டும்.

எனவே முதல் வேலை குறைப்பது. கிட்டார் ஆம்ப் தரையில் உட்கார்ந்து கிட்டார்காரரின் காலைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தால் அவருக்குக் கேட்காது, முன்வரிசைக்குக் காது வலிக்கும். அதை ஒரு நாற்காலியில் ஏற்றியோ பின்னால் சாய்த்தோ அவர் தலையை நோக்கித் திருப்பிவிடுங்கள். அவரே குறைத்துவிடுவார். டிரம்மரிடம் மெல்லிய குச்சி கேட்டுப் பாருங்கள். எங்கள் டிரம்மர் இதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, பிறகு பழகிவிட்டார்.

இரண்டாவது மானிட்டர். உங்களை நோக்கித் திருப்பி வைத்த ஸ்பீக்கர் அது. மேடையில் பரவலாகக் காணும் பாட்டு மைக் ஷூர் நிறுவனம் 1966-இல் கொண்டுவந்த எஸ்எம்58. அது கார்டியாய்ட் வகை. முன்னால் வருவதை நன்றாகப் பிடிக்கும், நேர் பின்னால் வருவது அதற்கு மிகக் குறைவாகக் கேட்கும். ஆகவே மானிட்டர் மைக்கின் வால் பக்கத்துக்கு நேராக இருக்க வேண்டும். சூப்பர்கார்டியாய்ட் மைக்காக இருந்தால் அதன் செவிட்டு இடம் நேர் பின்னால் இல்லை, பின்பக்கம் இருபுறமும் சாய்வாக இருக்கும். மானிட்டரையும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்துங்கள். எந்த வகை என்று மைக்கின் உடம்பிலேயோ பெட்டியிலேயோ போட்டிருக்கும்.

மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடுவது படத்தில் அழகாக இருக்கும். அப்படிப் பொத்தினால் பின்பக்கச் சத்தத்தை விலக்கும் அதன் அமைப்பே அடைபட்டுப்போகும், உடனே ஊளை கிளம்பும். கைப்பிடியைப் பிடியுங்கள். வாயை மைக்குக்கு மிக அருகில் வையுங்கள். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் விழும். இரண்டு அங்குலத்திலிருந்து நான்குக்குப் போனாலே சவுண்ட் இன்ஜினியர் அந்த வித்தியாசத்தை ஈடுகட்ட வேண்டியிருக்கிறது.

மானிட்டரில் என்ன வேண்டும் என்று கேட்கும்போது "எல்லாம் கொஞ்சம்" என்று சொல்லாதீர்கள். "என் குரல் மட்டும் போதும்" என்று சொல்லிப் பாருங்கள். மற்றவை ஏற்கெனவே அறையில் இருக்கின்றன.

1965 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில் பீட்டில்ஸ் சுமார் 55,000 பேருக்கு முன்னால் வாசித்தார்கள். மேடையில் அவர்களுக்கு மானிட்டர் கிடையாது. ரசிகர்களின் கூச்சலில் தங்கள் வாசிப்பே அவர்களுக்குக் கேட்கவில்லை. அவர்கள் சமாளித்தார்கள், ஏனென்றால் 1960-லிருந்து ஹாம்பர்க் நகரத்துச் சின்ன கிளப்புகளில் இரவு இரவாகப் பல மணி நேரம் வாசித்துப் பழகியிருந்தார்கள். நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை. மானிட்டரைக் கேட்டு வாங்கிக்கொள்வோம்.

காது போய்விடுமா?

கவனிக்காவிட்டால் போகும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்லும் கணக்கு இது. 85 டெசிபலில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் வரை இருக்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94-இல் ஒரு மணி நேரம், 100-இல் வெறும் 15 நிமிடம். உங்கள் ஒத்திகை அறையில் போனின் டெசிபல் செயலியைத் திறந்து பாருங்கள். துல்லியமாக இருக்காது, ஆனால் பயப்படுவதற்குப் போதுமான அளவுக்குச் சரியாக இருக்கும்.

உட்காதில் இருக்கும் மயிர்ச்செல்கள் அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. பஞ்சு மாதிரியான சாதாரணக் காது அடைப்பான் மேல் சுருதிச் சத்தத்தை அதிகமாகத் தின்றுவிடுவதால் எல்லாம் மூடிய கதவுக்குப் பின்னால் கேட்பதுபோல இருக்கும். இசைக்கலைஞர்களுக்கென்றே வரும் அடைப்பான்கள் எல்லாச் சத்தத்தையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும். முதல் வருமானத்தில் வாங்க வேண்டியது அதுதான், கிட்டார் ஒலியை மாற்றும் பெடல் அப்புறம். எனக்கு இடது காதில் அமைதியான இரவுகளில் ஒரு மெல்லிய "கீ" சத்தம் உண்டு. நான் நின்ற பக்கம் டிரம்ஸின் சிம்பல் தட்டு இருந்தது.

ஆம்ப்பில் "ம்ம்ம்" என்று ஓயாத இரைச்சல் வருகிறது. எர்த் பின்னை எடுத்துவிட்டால் போய்விடும் என்கிறார்களே?

இரைச்சல் போகலாம், கூடவே ஆளும் போகலாம். 1972-இல் வேல்ஸின் ஸ்வான்ஸி நகரில் லெஸ் ஹார்வி என்ற கிட்டார் கலைஞர் சரியாக எர்த் செய்யப்படாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். எர்த்தில் கை வைக்காதீர்கள்.

அந்த இரைச்சல் மின்சாரத்தின் அலைவு, நாட்டைப் பொறுத்து 50 அல்லது 60 ஹெர்ட்ஸ், கூடவே அதன் மடங்குகள். இரண்டு கருவிகள் வெவ்வேறு பிளக்கில் எர்த் ஆகி, நடுவில் ஆடியோ கேபிளும் அவற்றை இணைக்கும்போது ஒரு வளையம் உருவாகி இரைச்சல் கிளம்பும். மேடையில் இருக்கும் எல்லாவற்றையும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்க வைத்துப் பாருங்கள். போகவில்லையென்றால் கருவியைச் சவுண்ட் மேஜையோடு இணைக்கும் டிஐ பாக்ஸில் இருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனை அழுத்துங்கள். அது ஆடியோ பக்கத்து இணைப்பை மட்டும்தான் துண்டிக்கும், ஆபத்தில்லை. மைக்கை உதடு தொடும்போது சுர்ரென்று இருந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். வெட்கப்பட இதில் ஒன்றுமில்லை.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

கூடுதல் கம்பி செட், கூடுதல் கேபிள், டியூனர், 9 வோல்ட் பேட்டரி, டிரம்மருக்குக் கூடுதல் குச்சியும் வழுக்காத விரிப்பும், துணி டேப், டார்ச், தடித்த எழுத்தில் செட் லிஸ்ட் (பாட்டு வரிசை) நான்கு பிரதி. கிட்டார் கேபிளை ஸ்பீக்கர் கேபிளாகப் பயன்படுத்தாதீர்கள். முனை ஒன்றுபோலத் தெரிந்தாலும் உள்ளே கம்பி மெல்லியது, சூடாகும், ஆம்ப்பும் கெடலாம்.

பதட்டத்தில் எல்லாப் பாட்டும் வேகமாகிவிடுகிறது.

எல்லாருக்கும் ஆகும். இதயம் வேகமாக அடிக்கும்போது பழைய வேகம் மெதுவாகத் தோன்றும். டிரம்மர் பக்கத்தில் தாள வேகம் காட்டும் மெட்ரோனோமின் விளக்கை மட்டும் மினுக்க விட்டு, ஒவ்வொரு பாட்டையும் தொடங்கும் முன் அதை இரண்டு சுற்றுப் பார்க்கச் சொல்லுங்கள். தொடங்கிய பிறகு பார்க்க வேண்டாம்.

ஏழு பேர்தான் வந்தார்கள். வாசிக்கவா, கிளம்பவா?

வாசியுங்கள். ஒருமுறை எங்கள் முன்னால் ஐந்து பேர், அதில் இரண்டு பேர் அடுத்து வாசிக்க வேண்டிய பேண்ட். "ஏன் இவ்வளவு குறைவாக வந்திருக்கிறீர்கள்" என்று வந்தவர்களிடமே குறைபட்டார் எங்கள் பாடகர். வந்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? இன்று நினைத்தாலும் கூசுகிறது. கூட்டம் குறைவாக இருந்தால் சத்தத்தைக் குறையுங்கள், அருகில் வரச் சொல்லுங்கள், பட்டியலில் மென்மையான பாட்டுகளை முன்னால் கொண்டுவாருங்கள்.

பணத்தை எப்படிப் பிரிப்பது?

முதலில், பணம் உண்டா என்று முன்கூட்டியே கேளுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பல வருடம் போகும். எவ்வளவு, எப்போது, யார் கையில், அல்லது நுழைவுக் கட்டணத்தில் பங்கு என்றால் எத்தனை சதவீதம், செலவு கழித்தா கழிக்காமலா. பேசியதை ஒரு செய்தியாக அனுப்பி "சரிதானே?" என்று கேட்டுவிடுங்கள். சண்டைக்காக இல்லை, இரண்டு மாதம் கழித்து யாருக்கும் நினைவிருக்காது என்பதற்காக. எங்களுக்கு ஓர் ஏற்பாட்டாளர் பணம் தராமல் போன நிகழ்ச்சியில், எவ்வளவு பேசினோம் என்பதில் நாங்கள் நால்வருமே நான்கு தொகை சொன்னோம்.

கைக்கு வந்ததில் முதலில் போக்குவரத்துச் செலவு. அப்புறம் பொதுப் பெட்டிக்கு ஒரு பங்கு, ஒத்திகை அறை வாடகைக்கும் உடைந்த கேபிளுக்கும். மீதி சமமாக. பாட்டு எழுதியவருக்கு அதிகம் தரலாமா என்று கேட்பார்கள். மேடை வருமானம் வாசித்தவர்களுக்கானது, அதைச் சமமாகவே பிரியுங்கள். பாட்டின் உரிமை வேறு கணக்கு. வரியும் மெட்டும் யாருடையது என்பது ஓர் உரிமை, பதிவு செய்த ஒலி இன்னோர் உரிமை. பாட்டு முடிந்த அன்றே யார் என்ன எழுதினார்கள் என்று ஒரு வரி குறித்து எல்லாருக்கும் அனுப்பிவிடுங்கள். என் முதல் பேண்ட் உடைந்தது காசில்லாத காலத்தில். காரணம், யாரும் வாங்காத ஒரு பாட்டின் நடுப்பகுதி யாருடைய யோசனை என்பது.

ஒருவர் எப்போதும் தாமதமாக வருகிறார். நீக்கிவிடலாமா?

முதலில் அவரிடம் நேரில் சொல்லுங்கள். மூவர் மட்டும் இருக்கும் தனிக் குழுவில் அவரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டால் பேண்ட் முடிந்தது என்று அர்த்தம். பெரும்பாலும் வேறு ஏதோ காரணம் இருக்கும். வேலை நேரம், வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை, அல்லது அவருக்கு அந்த இசையில் விருப்பம் போய்விட்டது, சொல்லத் தெரியவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் காரணமென்றால் பிரிவதே நல்லது. பேண்டின் பெயர் யாரோடு போகும் என்பதைச் சிரித்துப் பேசும் காலத்திலேயே முடிவு செய்துவிடுங்கள்.

படிப்பு, வேலையோடு இது ஒத்துவருமா?

மாதம் இரண்டு நிகழ்ச்சி என்றால் ஒத்துவரும். தேர்வு, வேலை நாட்களை எல்லாரும் ஒரே நாட்காட்டியில் போட்டுவிட்டு, அதைப் பார்க்காமல் யாரும் நிகழ்ச்சிக்கு ஒப்புக்கொள்ளக் கூடாது.

நிகழ்ச்சி முடிந்ததும்?

கைதட்டல் ஓய்ந்ததும் நேராக நண்பர்களிடம் போகாதீர்கள். அடுத்த பேண்ட் காத்திருக்கிறது. டிரம்ஸை மேடையிலேயே பிரித்துக்கொண்டிருக்காமல், முழுதாகத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு அங்கே பிரியுங்கள். ஆம்ப்பின் வால்யூமை இறக்கிய பிறகே கேபிளைப் பிடுங்குங்கள். சவுண்ட் பார்த்தவருக்கு நன்றி சொல்லுங்கள், பெயர் சொல்லி. அப்புறம் டார்ச்சை எடுத்து மேடைத் தரையை ஒருமுறை சுற்றிப் பாருங்கள். இதுவரை இரண்டு டியூனர், கிட்டார் கழுத்தில் மாட்டும் ஒரு கேப்போ, ஒரு ஜோடிச் செருப்பு தொலைத்திருக்கிறேன். செருப்பு மட்டும் திரும்பி வந்தது.